ஒரு அடி என்றால் நில்

பங்காருப்பேட்டையை விட்டு மாரிகுப்பம் வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், பெட்டியில் இருந்த எல்லோருடைய போன்களும் ஒரே சமயத்தில் அலறின. மணி அடிப்பது மாதிரி இல்லை, கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். நானும் என் போனை எடுத்து எங்கெங்கோ அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண், பெங்களூரில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது, கையை நீட்டி வாங்கி ஒரே தட்டில் அதை அடக்கினாள்.

"கவர்ன்மென்ட் அலர்ட் அங்கிள். இடி, மின்னல், பலமா காத்து. சேஃபான எடத்துக்குப் போவணுமாம்."

"எந்தப் பக்கம்னு போட்டுகிறாங்களாம்மா?"

"அதெல்லாம் போடமாட்டாங்க அங்கிள்" என்று சிரித்தாள். மறுபடியும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் பெட்டி பழையபடி தூங்கப் போய்விட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்டவாள ஓரத்தில் புல் எரிந்து கிடந்தது. யார் வைத்த தீயோ, வைக்காமலே பிடித்ததோ. சித்திரை வெயிலில் பீடித்துண்டு போதும், உடைந்த பாட்டில் கூடப் போதும் என்பார்கள். கருகிய புல்லின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அந்த வாசனை வந்தால் என் வலதுகை விரல்கள் தாமாக மடங்கி, ஒரு கல்லைப் பிடிப்பது மாதிரி ஆகிவிடும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். எட்டாம் வகுப்பையே மூன்று வருஷம் சுற்றிவிட்டு வெளியே வந்தவன் நான்.

இந்த நாட்டில் வெயில் காலத்தில் நான் நிற்காத ஊர் குறைவு. லாரியில் கிளீனராகப் போனேன், கிடங்கில் மூட்டை தூக்கினேன், ரோடு போட்டேன். நாக்பூரில் தார் உருகி என் செருப்பைப் பிடித்துக்கொண்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு நாலு எட்டு வெறுங்காலில் ஓடி, மறுபடி செருப்புக்கே ஓடி வந்தேன். ராஜஸ்தானில் பகல் பன்னிரண்டு மணிக்கு மண்காற்று வந்து லாரியின் முன்கண்ணாடியை மூடியது. அங்கே அதற்கு ஆந்தி என்று பெயர். வங்காளத்தில் கால்பைசாகி. சாயங்காலம் கறுப்பாக வந்து, நாங்கள் படுத்திருந்த கொட்டகையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு குளத்தில் போட்டது. எல்லா ஊரிலும் வேனிற்காற்றுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் கோலார் தங்கவயலில் பெயர் கிடையாது. "காத்து வருது" என்பார்கள். அவ்வளவுதான். உடனே எல்லோரும் அண்ணாந்து தங்கள் கூரையைப் பார்ப்பார்கள்.

காரணம் இருக்கிறது. மைசூர் மைன்ஸ் பக்கத்தில் எங்கள் லைன் வீடுகள் எல்லாம் தகரக் கூரை. ஆணியை நம்பி யாரும் இருக்க முடியாது. அதனால் தகரத்தின் மேல் பாரம் வைப்போம். சுரங்கத்தில் தேய்ந்து கழித்துப்போட்ட துளைபோடும் கம்பி, தண்டவாளத் துண்டு, இரும்புச் சக்கரம், கைக்கு வந்தது எல்லாம். காற்று வந்தால் அந்தக் கம்பிகள் தகரத்தில் உருண்டு கிணுகிணுவென்று சத்தம் போடும். ஒரு லைனில் ஆரம்பித்து அடுத்த லைனுக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டே காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். அதன் பின்னாலேயே சைனைட் மேட்டுத் தூசு வரும். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மாவு மண்ணைக் குன்று குன்றாகக் கொட்டிவைத்திருக்கிறார்களே, அந்த மேடு. குழம்புச் சட்டியில், குடிதண்ணீரில், பல்லிடுக்கில், எங்கும் அதுதான். சோறு தின்னும்போது நறநறவென்றால் காற்றுக்காலம் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் என் அக்கா பிலோமினா, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் குருத்தோலையில் ஒரு துண்டு கிள்ளி நெருப்பில் போடுவாள். குருத்து ஞாயிறு அன்று கோயிலில் மந்திரித்த ஓலை. இடி விழாமல் இருக்க. வெளியே புல்லெல்லாம் காய்ந்து எப்போது பற்றும் என்று கிடக்கும்போது வீட்டுக்குள் தீ மூட்டுகிறாளே என்று அவள் புருஷன் கேலி செய்வார்.

"ஏய் பிலோ, இடியில தப்பிச்சா உன் ஓலையில எரிஞ்சுப் போவோம் போலக்கீதே."

"நீ வாய மூடிகினு குந்து. உனக்கோசரந்தான் கொளுத்திகினு கீறேன்."

சவரிமுத்து மாமா கீழே வேலை செய்தவர். கீழே என்றால் எங்கள் ஊரில் பூமிக்குக் கீழே. இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்தில் மரத்தூண் முட்டுக் கொடுக்கிற வேலை. சுரங்கத்தை மூடியபோது கையில் கொடுத்ததில் கூரையை மாற்றினார், ஆடு வாங்கினார். சூரியனையே சரியாகப் பார்க்காமல் வாழ்ந்த மனுஷன் வெயிலில் ஆட்டின் பின்னால் அலைவதைப் பார்த்து லைனே சிரித்தது. "இன்னா சவரி, ஆட்டுக்கு ஹெல்மெட்டு போடலியா?" என்பார்கள். "அதுங்களுக்கு ஷிப்டு கெடையாதுப்பா, எந்நேரமும் டூட்டி" என்பார் அவர்.

ஆட்டுக்கும் அவர் சுரங்கத்துப் பேச்சுதான். சுரங்கத்தின் கிடைப் பாதைக்கு லெவல் என்று பெயர்; நேராகப் போ என்பதற்கு "லெவல்லயே போ" என்பார். ஒருநாள் நான் வழக்கம்போல் ஏதோ வேலையை விட்டுவிட்டு வந்து அவர் வீட்டில் தின்றுகொண்டிருந்தபோது, எதையோ பேசப்போய்ச் சொன்னார்: "கீழ வெடி வெச்சப்பறம் பொகை வரும் பாரு. கண்ணு தெரியாது. லைட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல. அப்ப இன்னா செய்யணும் தெரியுமா? மூஞ்சில காத்து பட்ற பக்கமா நடக்கணும். முதுகுல பட்டா திரும்பிக்கணும். அவ்ளோதான். மூள வேணாம், மூஞ்சி இருந்தா போதும்."

"அப்ப எனக்குக் கீழ வேல குடுத்திருக்கலாமே" என்றேன்.

"உனக்கு மூஞ்சியும் சுமார்தான்" என்றாள் அக்கா.

நான் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. என் வயது வருவதற்குள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கேஜ் மணி எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேஜ் என்பது ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. அது ஓடும்போது ஒரு அடி அடித்தால், நில். அதில் கேள்வி கிடையாது. ஒரு அடி கேட்டுவிட்டால், மேலே இருக்கிறவன் எதையோ பார்த்துவிட்டான், அடுத்த மணி வரும்வரை அசையாதே என்று அர்த்தம். எங்கள் லைனில் சண்டை முற்றி அடிதடி ஆகிறபோது, யாராவது தண்டவாளத் துண்டில் ஓங்கி ஒரு அடி அடித்தால் ஓங்கிய கை அப்படியே நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த நாள்.

சுரங்கம் மூடிச் சில வருஷம் ஆகியிருக்கும். சித்திரை மாதம், மத்தியானம். ஹூப்ளியில் இருந்த ஒரு லாரிக்காரரிடம் போனில் வேலை கேட்க நான் சைனைட் மேட்டின் மேல் ஏறியிருந்தேன். அந்தக் காலத்தில் போனுக்கு அங்கேதான் சிக்னல். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பூதிகோட்டைப் பக்கத்து மொட்டைப் பாறைகளுக்கு மேல் வானம் கறுத்தது. இரண்டு முறை உறுமியது. மின்னல் ஒன்று இறங்கியது. மழை வரும் என்று சந்தோஷமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காற்று மட்டும் வந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் புல்வெளி, நடுவில் ஒரு பள்ளம், அதற்கப்பால் தைல மரங்கள். தைல மரத்தடியில் ஒரு கோடு மாதிரி புகை எழும்பியது. மின்னல் போட்டதா, ஏற்கெனவே எங்கோ புகைந்துகொண்டிருந்ததைக் காற்று ஊதிவிட்டதா, இன்றுவரை தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு நீண்டது. புல்லில் இறங்கியது. என் பக்கமாக வரத் தொடங்கியது.

அதற்கும் எனக்கும் நடுவில், பள்ளத்தில், ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிய ஒரு ஆள். ஆள் தெரிய வேண்டாம், துண்டே போதும்.

"மாமா! இந்தப் பக்கம் வாங்க! மாமா!"

காற்று என் முகத்தில் அடித்தது. கத்தியது எனக்குப் பின்னால்தான் போயிற்று. சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அவர் இந்தப் பக்கம் திரும்பினால்தானே. புகை அவரை மூடியது, விட்டது, மூடியது. விட்டபோது பார்த்தேன். அவர் நடந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, நடந்தார். காற்று வருகிற பக்கமாக. முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு, நேரே தீயைப் பார்த்து. லெவலுக்குள் இருக்கிற மாதிரியே நடந்தார். ஆடுகளில் பாதி அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்த ஆள் நெருப்புக்குள்ளேயே போகிறாரே என்று.

இறங்கி ஓடினால் போய்ச் சேர முடியாது. மேட்டின் விளிம்பில் பழைய இரும்புக் குழாய் ஒன்று போகும். சைனைட் குழம்பை ஏற்றிய குழாய். ஒரு கல்லை எடுத்து அதில் அடித்தேன். பைத்தியம் மாதிரி, பத்து, பதினைந்து அடி. குழாய் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒலித்தது. அவர் நிற்கவில்லை. அத்தனை அடிக்கு அவர் அகராதியில் அர்த்தம் கிடையாது. அப்போதுதான் எனக்கு மணி ஞாபகம் வந்தது. கையை நிறுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓங்கி, ஒரே ஒரு அடி.

நின்றுவிட்டார்.

ஒரு காலை எடுத்து வைத்தவர் வைத்தபடியே நின்றார். சுற்றிலும் புகை. முன்னால் ஆடுகள் போய்விட்டன. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. அடுத்த மணிக்குக் காத்திருக்கிறார்.

அடுத்த மணி என்னிடம் இல்லை. ஷாஃப்டில் மேலே, கீழே என்று இரண்டு திசைதான். திரும்பு என்பதற்கு மணி கிடையாது. இடது பக்கம் பாறை இருக்கிறது, அதில் ஏறு என்பதற்குக் கிடையாது. ஓடு என்பதற்குக் கிடையாது. கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு அடித்தால் இறக்கு என்று நினைப்பாரோ, மூன்று அடித்தால் என்ன நினைப்பாரோ. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். புகை மூடியது. இந்த முறை விடவில்லை.

நானும் லைன் ஆட்களும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மண் சுட்டுக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டியும் வந்தது, பாதை இருந்த இடம்வரை வந்தது. மாமா குந்தியபடி, தண்ணீரில் நனைத்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். உயிர் இருந்தது. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தன. அவர் நின்ற இடம் உன்னிப்புதர், பச்சையிலும் பற்றி எரிகிற முட்செடி. மேலே இருந்து பார்த்த எனக்கு ஏதோ பச்சை என்றுதான் பட்டது. முன்னால் ஓடிய ஆடுகள் கொஞ்ச தூரத்தில், எரிந்து கறுத்த தரையில், கால்மயிர் பொசுங்கி நின்றுகொண்டிருந்தன. அவரோடு நின்ற ஆடுகள் பிழைக்கவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதோடு சரி.

வண்டியில் ஏற்றும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். தொண்டை கரகரத்தது. "நல்ல வேள அடிச்சடா. இல்லாட்டி நேரா உள்ளாற போய்க்கீனு இருந்திருப்பேன். கண்ணே தெரியல."

அப்புறம் மூன்று மழைக்காலம் இருந்தார். ஏற்கெனவே சுரங்கத்தூசு தின்ற நெஞ்சு, அதற்கு மேல் அந்தப் புகை. கோல் ஊன்றி வாசல்வரை வருவார். காற்றுக்காலத்தில் கூரைக் கம்பிகள் கிணுகிணுக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர்களிடம் என்னைக் காட்டி, "என் மச்சான் ஸ்டாப் பெல்லு அடிச்சான் பாரு, கேஜ் பெல்லுக்காரன் மாதிரி" என்பார். நான் அப்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போவேன். கூச்சம் என்று நினைத்தார்கள். கூச்சம்தான், அப்போது.

மாமா செத்து இரண்டு வருஷம் கழித்து, வடக்கே மலையில் ரோடு வேலையில் இருந்தேன். சுற்றிலும் பைன் மரங்கள். சருகு முழங்கால் உயரம் கிடக்கும். வேனிலில் ஒரு மலை எரிந்து அணைவதற்குள் அடுத்த மலை பிடித்துக்கொள்ளும். ரோடு வேலையாட்களையும் தீ அடிக்க அழைத்துப் போனார்கள். கையில் பச்சைக் கிளை, அவ்வளவுதான் ஆயுதம். எங்களுக்கு வழி காட்டியவள் அந்த மலைக்காரி ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும், பீடி பிடித்துக்கொண்டே தீ அடிப்பாள். முதல் நாளே எங்களை நிறுத்தி வைத்து ஒன்று சொன்னாள். அரைகுறை ஹிந்திதான் எனக்கு, ஆனாலும் புரிந்தது. சிக்கிக்கொண்டால் தீக்கு முன்னால் ஓடாதே, அது உன்னைவிட வேகம். புதரில் நிற்காதே. தீ எங்கே குட்டையாக இருக்கிறதோ அங்கே முகத்தைப் பொத்திக்கொண்டு நாலே எட்டில் தாண்டிவிடு. 'ஜலே ஹுவே மே ஜாவோ.' எரிந்து முடிந்த இடத்துக்குப் போ. அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை.

நான் கிளையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"க்யா ஹுவா, மதராஸி?" என்றாள்.

கால்மயிர் பொசுங்கிய ஆடுகள் கறுத்த தரையில் நிற்பதுதான் கண்ணுக்குள் இருந்தது. பள்ளத்தைத் தாண்டினால் ஆடு மேய்ந்து மழித்த புல். தீ அங்கே கணுக்கால் உயரம்தான் இருந்திருக்கும். இன்னும் இருபது எட்டு நடந்திருந்தால் மாமா ஆடுகளோடு நின்றிருப்பார். அவர் மூஞ்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மூளை இருக்கிறவன்தான் மேலே நின்று மணி அடித்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வேனிலிலும் ஊருக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருகிறேன். அவள் எனக்குக் கறியில் நல்ல துண்டாகப் பார்த்துப் போடுவாள். "உன்னாலதான் மூணு வருஷம் என் வூட்ல ஆம்பளக் குரல் கேட்டுச்சு" என்பாள். நான் தின்றுவிட்டுப் போய்விடுவேன்.

இந்த முறையும் அப்படித்தான். ஸ்டேஷனிலிருந்து மேட்டின் ஓரமாக நடந்து வந்தேன். குழாயைக் காணோம். எப்போதோ வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அது கிடந்த தடம்கூட மண்ணில் தூர்ந்துவிட்டது. வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளிடம், ஒசகோட்டைப் பெண், சுரங்கத்து மணி தெரியாதவள், என் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவன்தான். இவன் ஒரு அடி அடிச்சான், அவரு அப்டியே நின்னுட்டாரு."

"நெருப்புல எதுக்கு ஆன்ட்டி நின்னாரு? ஓட வேண்டியதுதானே?" என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக.

அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரு அடின்னா நிக்கணும்மா" என்றாள்.

அப்போது காற்று வந்தது. அந்தப் பெண் துணி எடுக்க ஓடினாள். அக்கா உள்ளே போய்க் குருத்தோலையைக் கிள்ளித் தீக்குச்சியை உரசினாள். என் போனும் அவள் போனும் ஒன்றாக அலறின. குச்சி எரிகிற கையோடு அவள் அப்படியே நின்றாள்.

"இன்னாவாம்டா?"

"பத்தரமான எடத்துக்குப் போவச் சொல்லுதுக்கா."

"எந்தப் பக்கம்?"

"சொல்லல."

"அப்பறம் இன்னாத்துக்குக் கத்துது?" குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. இன்னொரு குச்சியை எடுத்தாள். அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது.

"அக்கா, அன்னிக்கு நான் அடிச்சது..." என்று ஆரம்பித்தேன்.

கூரைத் தகரம் ஒன்று எழும்பிப் படாரென்று அடித்தது. "அத அப்பறம் சொல்லு, மேல ஏறு மொதல்ல" என்றாள். ஏறினேன். காற்று போகும் திசையைப் பிடிக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கம்பி ஒன்றுகூட இல்லை. தண்டவாளத் துண்டும் இல்லை, சக்கரமும் இல்லை. லைன் முழுக்க எல்லாக் கூரையிலும் இரும்பெல்லாம் எடைக்குப் போய்விட்டது. கருங்கல் வைத்திருக்கிறார்கள். கீழே இருந்து அக்கா ஒவ்வொரு கல்லாக எடுத்து நீட்டினாள். நான் வாங்கி வாங்கி வைத்தேன். காற்று லைன் லைனாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை.